என் நாரிக்கு விறாந்தையில் நடந்த மாநாடு

கண் விழித்தபோது முதலில் மூக்குக்குத்தான் உயிர் வந்தது. ஸ்பிரிட் மணம். பிறகு காதுக்கு. யாரோ இரும்புத் தட்டத்தில் எதையோ போடும் சத்தம். அதற்குப் பிறகு நாரிக்கு உயிர் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

முதுகின் அடிப்பகுதியை எங்கள் பக்கத்தில் நாரி என்போம். அந்த நாரியில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்துவிட்டு எடுக்க மறந்து போனது போல இருந்தது. மூச்சை இழுத்தால் நொந்தது. விட்டாலும் நொந்தது. பக்கத்தில் நின்ற தாதியைக் கூப்பிட்டேன். வந்த குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

"மிஸ்... ஊசி போட்டும் ஏன் இப்பிடி நோகுது?"

"எந்த ஊசி அம்மா?"

"முதுகிலை போடுறது. நோ தெரியாமல் இருக்கிறதுக்கு. டொக்டர் பிள்ளை நேற்று வந்து சொன்னவ."

"அது உங்களுக்குப் போடேல்லையே. நீங்கள்தானே வேண்டாம் எண்டு சொன்னனீங்களாம்."

"நானோ?"

"ஓம் அம்மா. உங்கடை ஆக்கள்தான் வந்து சொன்னவை."

என்னுடைய ஆட்கள். நான் உள்ளே கிடக்க, என் வாயை இரவல் வாங்கிக்கொண்டு போய் என் பெயரில் பேசிவிட்டு வந்திருக்கிறார்கள். எழும்பி இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு வழி பண்ணியிருப்பேன். எழும்ப முடியாதபடி அல்லவா அவர்களே செய்திருந்தார்கள்.

சென்ற வாரம் இந்தப் பத்தியை மில்லின் மோட்டர் எரிந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். புது மோட்டர் வந்த கதையைக் கேட்டு இரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த மோட்டர் இன்னும் ஒரு கிழமைக்கு எரிந்தபடியே கிடக்கட்டும். இந்த வாரம் என் நாரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது, அது கடைசியில் வரும்.

மூடை தூக்கிய கதை

தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் மில்லைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டிலிப்பாயில் மிளகாய், மல்லி, அரிசி அரைக்கும் சின்ன மில் எங்களுடையது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போகும் காலத்தில் வாசலில் சனம் நிற்கும். பெட்டிக்குள் உடுப்பு இல்லாமல் போனாலும் போவார்கள், வறுத்து அரைத்த தூள் இல்லாமல் விமானம் ஏறமாட்டார்கள்.

தூள் அரைப்பது மெசின்தான். உரப்பையில் வரும் மிளகாயையும் மல்லியையும் தூக்கிக் கொட்டுவதுதான் மனிசர் வேலை. தூக்க ஆள் வரும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. இவர், அதாவது என் கணவர், "விடும், நான் தூக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு எழும்புவதற்குள் நான் தூக்கிக் கொட்டிவிட்டு அடுத்த மூடைக்குப் போயிருப்பேன்.

நாரி உளைவு அப்படித்தான் வந்தது. முதலில் எண்ணெய் போட்டேன். பிறகு மானிப்பாய்ப் பக்கத்தில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் அரைத்துக் கொடுத்த மூலிகைப் பற்றைப் போட்டேன். இடுப்புப் பட்டியும் கட்டினேன். அந்தப் பட்டிக்குள் மிளகாய்த்தூள் போனால் என்ன நடக்கும் என்பதை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

ஒருநாள் மில்லுக்குள் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால் என் வலது காற்செருப்பு வாசலில் கிடக்கிறது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. கால் விறைத்துப் போயிருந்தது. அப்போதுதான் பயம் பிடித்தது.

ஸ்கான் எடுத்தார்கள். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் சவ்வு பிதுங்கி நரம்பை நெரிக்கிறது என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். இப்படியே விட்டால் கால் பிறகு சொற்கேளாது, பிதுங்கிய சவ்வை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். இவருக்கு வியர்த்தது.

கட்டிலில் வந்து இருந்த டொக்டர்

ஒப்பரேசனுக்கு முதல்நாள் பின்னேரம் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வந்தார். இளம் பெண். வாட்டில் டொக்டர்மார் நின்றபடிதான் கதைப்பார்கள், அதுவும் நம் தலைக்கு மேலால் பக்கத்தில் நிற்கும் ஆளோடு. இந்தப் பிள்ளை என் கட்டிலின் ஓரத்தில் இருந்து, என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். அதற்காகவே அவர் சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

"அம்மா, உங்களை முழுசா நித்திரையாக்கித்தான் ஒப்பரேசன் செய்வினம். உங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஆனால் முழிச்சாப் பிறகு வெட்டின இடம் நோகும். அதுக்குத்தான் இன்னொரு ஊசி இருக்கு, நித்திரையிலை இருக்கேக்கையே போட்டுவிடுவம்."

"முள்ளந்தண்டுக்குள்ளையோ பிள்ளை?"

"இல்லை. தண்டுக்குள்ளை போகாது. பக்கத்திலை தசைக்குக் கீழை, ஸ்கான் மெசினிலை ஊசி போற வழியைப் பார்த்துப் பார்த்துத்தான் மருந்தை விடுவம். அந்த இடத்து நரம்பெல்லாம் கொஞ்ச மணித்தியாலத்துக்கு விறைச்சுப் போகும். முதல்நாள் நோ நல்லாக் குறையும். மற்ற நோ மருந்தும் கனக்கத் தேவைப்படாது. அதைக் கூடக் குடுத்தால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும், தலையைச் சுத்தும்."

"ஆபத்து?"

"எந்த ஊசிக்கும் கொஞ்சம் இருக்கு. கிருமி தொற்றலாம், இரத்தம் கசியலாம், மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வாறது குறைவு. சில பேருக்கு ஊசி நினைச்ச அளவுக்கு வேலை செய்யாமலும் விடும். பொய் சொல்லமாட்டன். யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? நோ குறையும் என்கிறார், ஆபத்தையும் ஒளிக்காமல் சொல்கிறார். நான் ஓம் என்றேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டுப் போனார். எனக்கு நெஞ்சுக்குள் இருந்த பயத்தில் பாதி அவரோடு எழும்பிப் போய்விட்டது.

பின்னேரம் பார்க்க வந்த இவருக்கும் தங்கச்சி பவானிக்கும் சொன்னேன். அதுதான் பிழை. முந்திரிகைப் பழக் குலையையும் பிஸ்கற் பெட்டியையும் வைத்துவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு "இந்தா வாறம்" என்று வெளியே விறாந்தைக்குப் போனார்கள்.

மாநாடு

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் அது ஊருக்கெல்லாம் தெரியும், வருத்தக்காரருக்கு மட்டும் தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள். விறாந்தைக்குப் போய் வியாதியைப் பற்றிக் கதைப்பார்கள். அங்கே தீர்மானம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்பார்கள். அன்பாம். இதை அன்பு என்று சொன்னவர்களுக்கு ஒருநாளாவது நாரியை வெட்ட வேண்டும்.

அன்று விறாந்தையில் மூன்று பேர். இவர், பவானி, கைத்தொலைபேசிக்குள் கனடாவில் இருக்கும் எங்கள் அண்ணை. அங்கே இன்னும் விடியவில்லை. போர்வையோடு எழும்பி வந்து மாநாட்டுக்குத் தலைமை தாங்கியிருக்கிறார். நடந்ததெல்லாம் பிறகு துண்டு துண்டாக எனக்குத் தெரியவந்தது.

பவானிக்கு அந்த ஊசி என்றால் பேய். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அவளுக்கு வயிற்றை வெட்டித்தான் பிள்ளை எடுத்தார்கள். அப்போது முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு நாரி உளைவு. கூட்டினாலும் சரி, குனிந்தாலும் சரி, மழை இருட்டினாலும் சரி, "எல்லாம் அந்த ஊசிதான்" என்பாள். இவள் மட்டுமல்ல. வலிகாமத்தில் அப்படிப் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இந்தக் கதைதான் வரும்.

அவளிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "உனக்கு ஊசி போட்டவை, சரி. நான் ரெண்டு பிள்ளையையும் ஊசி இல்லாமல்தானே பெத்தனான். பிறகேன் என்ரை நாரி போனது?" பச்சை உடம்போடு, குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தண்ணீர்க் குடம் சுமந்தவள் அவள். அந்தக் குடத்தை அவள் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. ஊசி குற்றம் சொல்ல வசதியானது, ஒரேயொரு தரம் வந்துவிட்டுப் போன விருந்தாளி.

சரி, அவள் பயந்தாள். பயத்தை நான் கோபிக்கவில்லை. பயத்தை என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே. காலில் விழுந்து அழுதிருக்கலாம், நானும் அழுதுவிட்டு "போடி" என்றிருப்பேன்.

அடுத்தநாள் காலை என்னைத் தள்ளிக்கொண்டு போய்த் தியேட்டர் கதவுக்கு உட்பக்கம் விட்டார்கள். முதல்நாள் வந்த டொக்டர் பிள்ளைக்கு அன்று வேறு தியேட்டராம். வேறொரு டொக்டர், அவசரக்காரர். கதவுக்கு வெளியே இவர் அவரை மறித்துச் சொல்லியிருக்கிறார்.

"சேர், அந்த முதுகு ஊசி அவவுக்கு வேண்டாமாம். டொக்டருக்குச் சொல்லப் பயந்துபோய் ஓம் எண்டிட்டா."

பயந்தேனாம். நான்! இந்த ஊரில் என் வாய்க்குப் பயந்து சுற்று வழியால் மில்லுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் கதவுக்கு இந்தப் பக்கம் நான் முழு அறிவோடு படுத்திருந்தேன். சுவரில் "செருப்பைக் கழற்றவும்" என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த டொக்டர் ஒரு எட்டு வைத்து உள்ளே வந்து, "அம்மா, உண்மையோ?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கணவன் சொன்னால் சரியாம். என் நாரியைப் பற்றி என் கணவருக்குத் தெரிந்ததெல்லாம் அது பட்டி கட்டும் என்பது மட்டும்தான்.

நோவுக்குக் கொடுக்கும் பட்டம்

அன்றைய பகலை நான் விவரித்து எழுதப் போவதில்லை. எழுத்தில் நோ வராது. பிள்ளை பெறும் நோவுக்கு ஒரு இடைவெளி உண்டு, மூச்சு விட விடும். இது விடவில்லை.

நோவுக்கு வேறு மருந்து ஏற்றினார்கள். டொக்டர் பிள்ளை சொன்னது போலவே சத்தி வந்தது. நாரியை வெட்டிய உடம்போடு சத்தி எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது விளங்கும். திரும்பக் கேட்டால், "இன்னும் நேரமாகேல்லை அம்மா, கொஞ்சம் தாங்குங்கோ" என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன், அவர்களுக்கும் ஒரு அளவு இருக்கிறது.

பார்க்க வந்தவர்கள்தான் என்னைக் கொன்றார்கள். "ஒப்பரேசன் எண்டால் நோகத்தானே செய்யும்." "பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடவுங்கோ." ஒரு மாமி வந்து, தன் மருமகள் ஒப்பரேசன் முடிந்து ஒரு சத்தமும் போடவில்லை, அவ்வளவு நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். சத்தம் போடாதவள் நல்ல பிள்ளை! எங்கள் பெண்களுக்கு நாங்கள் கொடுக்கும் ஒரே பட்டம் இதுதான். நோவைத் தாங்கினால் பொறுமைசாலி. நோகிறது என்று சொன்னால் வாய்க்காரி. நான் வாய்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

பக்கத்துக் கட்டிலில் அரியாலையைச் சேர்ந்த ஒரு அக்கா. அவருக்கும் அன்றுதான் அதே ஒப்பரேசன், பக்கத்துத் தியேட்டரில். டொக்டர் பிள்ளை அவருக்கு அந்த ஊசியைப் போட்டிருக்கிறார். பின்னேரம் அவர் மெல்லச் சரிந்து எழும்பியிருந்து தேத்தண்ணி குடித்தார். பிஸ்கற்றைத் தோய்த்துத் தோய்த்துக் குடித்தார். என் வாழ்க்கையில் யாரைப் பார்த்தும் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும், மருந்து இறங்கிய பிறகு அடுத்தநாள் அவருக்கும் நொந்தது. ஊசி ஒன்றும் மந்திரமில்லை. ஆனால் அந்த முதல்நாள் அவருக்குக் கிடைத்தது. எனக்கும் கிடைத்திருக்கும், அதை விறாந்தையில் வைத்துப் பறித்துவிட்டார்கள்.

"அது இங்கத்தை ஊசி"

கதைக்கும் பலம் வந்ததும் விசாரணையை வைத்தேன். பவானி கால்மாட்டில் நின்றாள். இவர் முந்திரிகைப் பழத்தைக் கழுவுகிற சாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தொலைபேசியில் அண்ணை.

"அண்ணை, நாரி உங்கடையோ, என்ரையோ?"

"பிள்ளை, நாங்கள் உன்ரை நன்மைக்குத்தானே யோசிச்சனாங்கள்."

"யோசிச்சது சரி. என்னைக் கேட்டனீங்களோ?"

"நீ வருத்தக்காரி. உன்னைப் போட்டுக் குழப்பக்கூடாது எண்டுதான்..."

அப்போது அண்ணைக்குப் பின்னால் அவர் மனைவி, எங்கள் மச்சாளின் குரல் கேட்டது. சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்களுக்கும் முழங்கால் மாத்தேக்கை நாரியிலைதானே ஊசி போட்டவை? முழிச்சிருந்து பாட்டும் கேட்டனீங்கள். பின்னேரமே நடக்கப் பண்ணினவை."

இவர் பழம் கழுவுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அண்ணை தொண்டையைச் செருமினார்.

"அது வேறையப்பா. அது இங்கத்தை ஊசி."

இங்கத்தை ஊசி! கனடாவில் போட்டால் மருத்துவம், யாழ்ப்பாணத்தில் போட்டால் ஆபத்து. இங்கே எங்கள் பிள்ளைகள் இரவு பகலாகப் படித்து, ஸ்கான் மெசினில் நரம்பின் வழி பார்த்து ஊசி போடுகிறார்கள். அங்கே போர்வைக்குள் இருந்து ஒருவர் வேண்டாம் என்கிறார். அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இரண்டு பேர் கதவில் போய் நிற்கிறார்கள். நான் தொலைபேசியை மறுபக்கம் திருப்பச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பம் இருக்கவில்லை.

கால் சரியாகிவிட்டது. செருப்பு கழன்றால் இப்போது தெரிகிறது. ஒப்பரேசன் செய்த டொக்டரைக் கும்பிடுகிறேன். ஆனால் கோபம் போகவில்லை. ஒரு பகல் நோவுக்கு இவ்வளவு கோபமா என்று இவர் கேட்கிறார். நோவுக்கு அல்ல. என் உடம்பைப் பற்றிய கதையில் என்னைச் சேர்க்காமல் விட்டதற்கு.

மறுபடியும் விறாந்தை

இனித்தான் காரணம். போன கிழமை பவானிக்கும் நாரியில் ஒப்பரேசன். நரம்பு போகும் வழி ஒடுங்கிவிட்டது, கொஞ்சத் தூரம் நடந்தாலே கால் மறுக்கிறது. முதல்நாள் பின்னேரம் நான் போனபோது வாட் விறாந்தையில் மாநாடு தொடங்கியிருந்தது. அவளுடைய மகன் ரூபன் தொலைபேசியைப் பிடித்திருந்தான். அதற்குள் அண்ணை, அதே போர்வை. இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒருக்காப் போட்டே அவளுக்கு இந்த நிலமை. இன்னொருக்காப் போட்டால்?" அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார்.

ரூபன் என்னைக் கண்டதும், "பெரியம்மா, மயக்க மருந்து டொக்டர் நோவுக்கு ஊசி போடப்போறாவாம். நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்றான்.

எனக்கும் ஒரு வாக்கு வந்துவிட்டது. நான் "போடு" என்றால் போட்டிருப்பார்கள் போலத்தான் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"என்னை ஏன்ரா கேக்கிறாய்? நாரி உள்ளை கிடக்கு" என்று சொல்லி, தொலைபேசியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நான் உள்ளே போனேன்.

பவானி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெளியே நடப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாத மாநாடா? அவளுக்குச் சொல்வதற்கென்று இத்தனை காலமாக நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. சுவரைப் பார்த்துக் கிடந்தவளிடம் அதை நான் எடுக்கவில்லை.

"டொக்டர் என்ன சொன்னவ எண்டு உனக்கு விளங்கினதோ?" என்று கேட்டேன்.

"ம்."

"உனக்கு என்ன வேணும்?"

 அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உனக்கு அண்டைக்கு எப்பிடி நொந்தது?"

இத்தனை காலத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. இவர் கேட்கவில்லை. அண்ணை கேட்கவில்லை. பிஸ்கற் பெட்டியோடு வந்த ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளுக்குக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கொள்ளிக்கட்டையைச் சொன்னேன், சத்தியைச் சொன்னேன், பிஸ்கற் தோய்த்த அரியாலை அக்காவைச் சொன்னேன், அடுத்தநாள் அந்த அக்காவுக்கும் நொந்ததையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அழுதாள்.

"நான்தான் அத்தானைப் பிடிச்சு அனுப்பினனான், அக்கா. கதவடிக்கு."

"தெரியும்."

"எனக்கு இப்பவும் பயமாத்தான் கிடக்கு."

"பயப்பிடு. ஆனால் நீயே சொல்லு. ஓம் எண்டாலும் நீ சொல்லு, வேண்டாம் எண்டாலும் நீ சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்தாள். "டொக்டரைக் கூப்பிடு. நான் கதைக்கிறன்."

வந்தது அதே டொக்டர் பிள்ளைதான். கட்டிலின் ஓரத்தில் இருந்தார், அவள் முகத்தைப் பார்த்தார். என் கையில் இருந்த தொலைபேசிக்குள் அண்ணை பதறத் தொடங்கினார்.

"பவானி, கொஞ்சம் பொறு, அவசரப்படாதை, நாங்கள் ஒருக்காக் கதைச்சுப்போட்டு..."

பவானி கையை நீட்டினாள். நான் தொலைபேசியைக் கொடுத்தேன். "வையுங்கோ அண்ணை, நான் டொக்டரோடை கதைக்கவேணும்" என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டு, அதைத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.